தூர தேசத்தில் தனிமையிலே... மிஷனெரி அதோனிராம் ஜட்சன் (1788 – 1850)



நம்ம சபைக் குடும்பங்களில் வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது இல்லாத வீடுகள் இப்போது குறைவு. துபாய், குவைத், சிங்கப்பூர், கனடா என்று போயிருக்கிறார்கள். விசா கிடைக்க ஜெபியுங்கள், நல்ல வேலை கிடைக்க ஜெபியுங்கள் என்று ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறோம். கிடைத்தவுடன் சபையில் சாட்சி சொல்லுகிறோம். நல்லதுதான், கர்த்தருக்கே மகிமை! ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு, ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அந்தப் பிள்ளை அழுகிறதே, அதற்கு யார் ஜெபக் குறிப்பு எழுதுகிறார்கள்? சொன்னால் அம்மா அழுவாள் என்று பிள்ளை சொல்லுவதில்லை. சொன்னாலும், விசுவாசி இப்படி அழலாமா, உனக்கு ஜெப ஜீவியம் குறைஞ்சு போச்சா என்று இங்கிருந்து புத்தி சொல்லுகிறவர்கள் உண்டு.

அப்படிப் புத்தி சொல்லுமுன், ஒரு தேவமனிதனின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்ப்போம். பர்மா தேசத்தின் அப்போஸ்தலன் என்று அழைக்கப்பட்டவர். அந்தத் தேசத்து ஜனங்களுக்கு முழு வேதாகமத்தையும் அவர்கள் பாஷையில் கொடுத்தவர். அப்படிப்பட்டவரே தனிமையில் உடைந்து, காட்டுக்குள் ஒரு குடிசை போட்டு, தனக்குத் தானே கல்லறை வெட்டிவைத்து அதன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார் என்றால் நம்புவீர்களா? ஆம், இது நடந்த சம்பவம்.

பனியில் முழங்கால்

அதோனிராம் ஜட்சன் 1788ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மால்டன் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ஒரு போதகர். பிள்ளை மூன்று வயதிலேயே வேதம் வாசிக்கக் கற்றுக்கொண்டான். பிரவுன் கல்லூரியில் படித்து 1807ல் முதல் மாணவனாகத் தேறினான். ஆனால் அங்கே சேர்ந்த ஒரு சிநேகிதனால் விசுவாசத்தை இழந்துபோனான். வேதமாவது, ஜெபமாவது என்று வீட்டை விட்டுக் கிளம்பி ஊர் சுற்றினான்.

ஒரு ராத்திரி வழியில் ஒரு சத்திரத்தில் தங்கினான். பக்கத்து அறையில் ஒரு வாலிபன் சாகக் கிடந்தான். அவனுடைய முனகல் இரவெல்லாம் கேட்டது. அவன் மரணத்துக்கு ஆயத்தமாயிருக்கிறானா, நான் ஆயத்தமா என்ற நினைவு ஜட்சனைத் தூங்கவிடவில்லை. காலையில் விசாரித்தபோது, செத்துப்போனவன் வேறு யாருமல்ல, தன்னை அவிசுவாசியாக்கின அதே கல்லூரிச் சிநேகிதன் என்று தெரிந்தது! ஜட்சன் குதிரையைத் திருப்பி வீட்டுக்கு வந்தார். 1808ல் ஆண்டோவர் வேதசாஸ்திரப் பள்ளியில் சேர்ந்து, அந்த வருஷத்திலேயே தன்னைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தார்.

கிழக்கு தேசங்களுக்குப் போகவேண்டும் என்ற பாரம் அவரைப் பற்றிப்பிடித்தது. பாஸ்டன் நகரத்தில் ஒரு பெரிய சபையில் உதவிப் போதகராக இடம் காத்திருந்தது. அம்மாவுக்கும் தங்கைக்கும் எவ்வளவு சந்தோஷம்! மகன் பக்கத்திலேயே இருப்பான் என்று மனப்பால் குடித்தார்கள். அவர் இல்லை என்று சொன்னபோது அந்த வீட்டில் கண்ணீர்தான் மிஞ்சியது. ஆன் என்ற பெண்ணை விவாகம் செய்ய விரும்பி அவள் தகப்பனாருக்கு எழுதின கடிதத்தில் அவர் எதையும் மறைக்கவில்லை. இந்த உலகத்தில் இனி மகளைப் பார்க்க முடியாமற்போகலாம், கடல் ஆபத்தும் வியாதியும் பாடும் ஒருவேளை கொடூரமான மரணமும் அவளுக்கு நேரிடலாம், ஆத்துமாக்களுக்காக இதற்குச் சம்மதிப்பீர்களா என்று கேட்டார். எந்த மாப்பிள்ளை இப்படிப் பெண் கேட்பான்! தகப்பனார் முடிவை மகளிடமே விட்டார். அவள் சம்மதித்தாள்.

வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளில் தம்பி எல்நாத்தான் பாஸ்டன் வரை கூட வந்தான். அவன் அப்போது கர்த்தரை அறியாதவன். வழியில் ஒரு மரச்சோலையில் இரண்டு பேரும் குதிரையை விட்டு இறங்கினார்கள். பனியில் முழங்கால்படியிட்டு, அண்ணன் தம்பிக்காக ஜெபித்தார். அதற்குப் பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் இந்தப் பூமியில் பார்க்கவே இல்லை. இந்தப் பனி ஜெபத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் மறுபடியும் வருவோம்.

1812 பிப்ரவரி 5ஆம் தேதி விவாகம். 19ஆம் தேதி கேரவன் என்ற கப்பலில் சேலம் துறைமுகத்திலிருந்து பிரயாணம். அவருக்கு 23 வயது, ஆன் அம்மையாருக்கு 22.

இரண்டு பேர் மாத்திரம்

நாலு மாதம் கடலில் போய் ஜூன் மாதம் கல்கத்தா சேர்ந்தார்கள். கப்பலிலேயே ஜட்சன் ஞானஸ்நானத்தைக் குறித்து வேதத்தை ஆராய்ந்து கொண்டுவந்தார். விசுவாசித்தவர்களுக்கே முழுக்கு ஞானஸ்நானம் என்ற சத்தியம் அவருக்கு விளங்கியது. 1812 செப்டம்பர் 6ஆம் தேதி கல்கத்தாவில் கணவனும் மனைவியும் தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெற்றார்கள். கீழ்ப்படிதலுக்கு ஒரு விலை உண்டல்லவா? அவர்களை அனுப்பின சங்கம் வேறு உபதேசத்தைச் சேர்ந்தது. அந்த ஆதரவை விட்டு விலகவேண்டியதாயிற்று. கூட இருந்த ஊழியர் லூத்தர் ரைஸ், பாப்திஸ்து சபைகளின் ஆதரவைத் திரட்ட அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியாரோ, இங்கே இருக்கக்கூடாது, வெளியே போங்கள் என்றார்கள். அவர்களோடு ஒரே கப்பலில் வந்த ஆனின் சிநேகிதி ஹாரியட் நியூவெல், கடல் பிரயாணத்தில் பிரசவித்த குழந்தையையும் பறிகொடுத்து, அந்த நவம்பரில் மொரீஷியஸ் தீவில் 19 வயதில் மரித்துப்போனாள்.

அவர்களும் மொரீஷியஸ் போய், அங்கிருந்து 1813 ஜூனில் நம்ம மதராஸ் பட்டணத்துக்கு வந்தார்கள். இங்கேயும் தங்க வழியில்லை. பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், துறைமுகத்தில் கிடைத்த கப்பலில் ஏறினார்கள். அது ரங்கூன் போகிற கப்பல். அந்தப் பிரயாணத்தில் ஆன் அம்மையாருக்குக் குழந்தை செத்துப் பிறந்தது. மருத்துவம் இல்லை, பக்கத்தில் தாய் இல்லை. 1813 ஜூலை 13ஆம் தேதி ரங்கூனில் இறங்கினபோது அந்த அம்மாவால் நடக்கவே முடியவில்லை.

அந்த ஊரில் அவர்களுக்கு என்ன இருந்தது? பாஷை தெரியாது. இலக்கணப் புத்தகமோ அகராதியோ சரியாக ஒன்றும் கிடையாது. பர்மிய எழுத்தோ ஓலையில் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி இல்லாமல் வட்டம் வட்டமாக ஓடும். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து படித்தார். சாப்பாடு சோறும் குழம்பும். நமக்கு அது அமிர்தம், ஆனால் ரொட்டியும் வெண்ணெயும் தின்று வளர்ந்தவர்களுக்கு? கல்கத்தா வில்லியம் கேரியின் மகன் பெலிக்ஸ் கேரி கட்டியிருந்த வீட்டில்தான் தங்கினார்கள். அவரும் 1814ல் ராஜாவின் அழைப்பின்பேரில் ஆவா பட்டணத்துக்குப் போய்விட்டார். பிறகு இரண்டு வருஷத்துக்குமேல் அந்த ஊழியத்தில் அவர்கள் இரண்டு பேர் மாத்திரம். கர்த்தருடைய பந்தியையும் அந்த இரண்டு பேரே அப்பம் பிட்டு ஆசரித்தார்கள். நினைத்துப் பாருங்க, நூறு பேர் கைதட்டிப் பாடுகிற சபையில் உட்கார்ந்து நாம் ஆராதனை நீளமாப் போச்சு என்று மணி பார்க்கிறோம்!

கடிதம்தான் ஒரே ஆறுதல். போய்ச் சேர மாதக்கணக்கு, பதில் வர மாதக்கணக்கு. இன்றைக்குக் கைபேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோம். அவர்கள் ஒரு கேள்வி கேட்டால் பதில் வர ஒரு வருஷம் ஆகிவிடும்.

1815 செப்டம்பரில் ஒரு ஆண்குழந்தை பிறந்தது. ரோஜர் என்று பேர். வேறு சிநேகிதர் இல்லாத அந்த வீட்டில் குழந்தையே சிநேகிதன். அப்பா படிக்கும்போது பக்கத்தில் பாயில் கிடந்து விளையாடும். 1816 மே மாதம், எட்டு மாதம்கூட நிரம்பாத அந்தப் பிள்ளை காய்ச்சலில் மரித்தது. தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

மதராஸில் தவித்த மாதங்கள்

1817 கிறிஸ்துமஸ் நாளில் ஜட்சன் சிட்டகாங் போகக் கப்பல் ஏறினார். அங்கே பர்மிய பாஷை பேசுகிற விசுவாசிகள் சிலர் உண்டு, ஒருவரைக் கூட்டிவந்தால் ஊழியத்துக்கு உதவியாயிருக்குமே என்ற எண்ணம். காற்று மாறியது. கப்பல் திசை தப்பி வாரக்கணக்கில் அலைந்தது. தண்ணீரும் ஆகாரமும் குறைந்து, வியாதிப்பட்டு, கடைசியில் 1818 மார்ச்சில் மசூலிப்பட்டணத்தில் கரையேறினார். அங்கிருந்து தரைவழியாக மதராஸ் வந்தார். ரங்கூனுக்குக் கப்பல் உடனே கிடைக்கவில்லை. ஜூலை வரைக்கும் மதராஸிலேயே காத்துக் கிடந்தார். மனைவி உயிரோடிருக்கிறாளா என்றுகூடத் தெரியாது.

அங்கே ரங்கூனில் ஆன் அம்மையாரின் நிலைமை இன்னும் மோசம். கணவர் போன கப்பல் சிட்டகாங் சேரவே இல்லை என்று செய்தி வந்தது. ஊரில் காலரா. யுத்தம் வரும் என்று வதந்தி. 1816ல் அச்சு இயந்திரத்தோடு வந்து சேர்ந்திருந்த ஹஃப் என்ற மிஷனெரி குடும்பத்தார், நாங்கள் வங்காளத்துக்குப் போகிறோம், நீயும் வா என்றார்கள். மனமில்லாமல் கப்பலில் ஏறினாள். கப்பல் ஆற்றிலேயே தாமதித்தது. அவளால் முடியவில்லை. கணவர் திரும்பி வந்தால் வீட்டில் யாரும் இருக்கமாட்டார்களே! இறங்கித் தனியாக அந்த வெறும் வீட்டுக்குத் திரும்பினாள். கொஞ்ச நாளில் ஜட்சன் வந்து நின்றார்! ஏழு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

1819ல் பாதையோரத்தில் ஒரு சாவடி கட்டி உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரிடம் பேசினார். அந்த வருஷம் ஜூன் 27ஆம் தேதி மௌங் நாவ் என்ற பர்மியர் முதலாவது ஞானஸ்நானம் பெற்றார். ரங்கூன் வந்து ஏறக்குறைய ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரே ஒரு ஆத்துமா! ஆனால் இனி பந்தியில் பர்மியர் ஒருவர் சேரப்போகிறார் என்ற சந்தோஷத்தை யாரால் அளக்க முடியும்?

சிறையும் கறுப்பு முத்திரையும்

1824ல் ஆங்கிலேயருக்கும் பர்மாவுக்கும் யுத்தம் மூண்டது. வெள்ளைக்காரர் எல்லாரும் ஒற்றர் என்று ஆவாவில் சந்தேகித்தார்கள். ஜூன் 8ஆம் தேதி ஜட்சனைத் தரையில் தள்ளிக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் மரண சிறையில் போட்டார்கள். காலில் மூன்று ஜோடி விலங்கு. ராத்திரியில் ஒரு மூங்கிலைக் கால்களுக்கு நடுவே செருகி மேலே தூக்குவார்கள், தோளும் தலையும் மாத்திரம் தரையில் படும். ஆன் அம்மையார் கர்ப்பவதியாய் அதிகாரிகளின் வாசல் வாசலாக அலைந்தாள். வேதாகம மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அழுக்குத் தலையணைதானே என்று காவலர் விட்டுவிட்டார்கள். பிறகு அது பறிபோனபோதும், மௌங் இங் என்ற பர்மிய விசுவாசி, ஐயாவின் ஞாபகமாயிருக்கட்டும் என்று எடுத்துவைத்த பஞ்சுக்குள் வேதம் அழியாமல் இருந்தது. அல்லேலூயா!

1825 ஜனவரியில் மரியா பிறந்தாள். கைதிகளை வேறு ஊருக்குக் கொண்டுபோனபோது ஆனும் கைக்குழந்தையோடு பின்னால் போனாள். அங்கே வியாதிப்பட்டுப் பால் வற்றிப்போயிற்று. காவலர் மனமிரங்கி ஜட்சனை வெளியே விட்டார்கள். விலங்கு போட்ட காலோடு, பிள்ளையை ஏந்திக்கொண்டு, கிராமத்துத் தாய்மாரிடம் ஒரு வாய் பால் கொடுங்கள் அம்மா என்று அந்த மிஷனெரி பிச்சை கேட்டார். அந்நிய தேசத்து, அந்நிய மதத்துப் பெண்கள் அந்த வெள்ளைக்காரக் குழந்தைக்குத் தங்கள் பாலைக் கொடுத்தார்கள். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1826ல் யுத்தம் முடிந்தது. ஆம்ஹர்ஸ்ட் என்ற புதிய ஊரில் குடியேறினார்கள். ஆங்கிலேயரின் தூதுக்குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக ஜட்சன் மறுபடியும் ஆவா போகவேண்டியதாயிற்று. நவம்பரில் கறுப்பு முத்திரை போட்ட ஒரு கடிதத்தை ஒருவர் கொண்டுவந்து, உங்கள் குழந்தை இறந்துபோயிற்றாம் என்று வருத்தத்தோடு கொடுத்தார். குழந்தைதானே, ஆன் இருக்கிறாளே என்று தன்னைத் தேற்றிக்கொண்டு பிரித்தார். மரித்தது குழந்தை அல்ல. ஆன்! 1826 அக்டோபர் 24ஆம் தேதி, 36 வயதில், கணவர் பக்கத்தில் இல்லாமல் மரித்துப்போயிருந்தாள். ஆறு மாதத்தில், 1827 ஏப்ரல் 24ஆம் தேதி, இரண்டு வயது மரியாவும் போனாள். தாயின் பக்கத்தில் ஒரு மரத்தடியில் அடக்கம் செய்தார். அதே வருஷம் அமெரிக்காவில் அப்பா மரித்த செய்தியும் வந்தது.

காட்டுக் குடிசை

இப்போது ஜட்சனுக்குள் ஏதோ ஒன்று உடைந்தது. எதிரிகள் சிறையில் வைத்து உடைக்க முடியாத மனுஷனைத் தனிமை உடைத்தது.

மோல்மேன் ஊரில் போர்ட்மன் என்ற மிஷனெரி குடும்பம் இருந்தது, விசுவாசிகள் இருந்தார்கள். ஆனால் அவர் ஒவ்வொருவராக விலக்கினார். விருந்துக்கு அழைத்தால் போகமாட்டார். கல்லூரி கொடுத்த டாக்டர் பட்டம் வேண்டாம் என்று எழுதிவிட்டார். சொந்தப் பணத்தையெல்லாம் மிஷனுக்குக் கொடுத்துவிட்டார். தன்னைப் புகழ்ந்து எழுதப்பட்ட கடிதங்களை அழித்தார். இவையெல்லாம் பரிசுத்தம் மாதிரிதான் தெரியும்! சுயத்தைச் சாகடிக்கிறேன் என்றுதான் அவரும் நினைத்தார். 1828 அக்டோபர் 24ஆம் தேதி, ஆன் மரித்து சரியாக இரண்டு வருஷம் ஆன நாளில், காட்டோரத்தில் கட்டின ஒரு குடிசைக்குத் தனியே போய்விட்டார். அங்கே ஒரு கல்லறை வெட்டினார். அதன் ஓரத்தில் உட்கார்ந்து, தன் சரீரம் அழுகுவதை நினைத்துக்கொண்டிருப்பார். ஒரு சமயம் நாற்பது நாள் புலி நடமாடும் காட்டுக்குள் போய், கொஞ்சம் சோறு மாத்திரம் சாப்பிட்டு ஜெபத்திலிருந்தார்.

தேவன் கிட்டி வந்தாரா? இல்லை, பிரியமானவர்களே. தேவன் இருக்கிறார் என்ற விசுவாசம் அவரை விட்டுப் போகவில்லை. ஆனால் அவர் எங்கே இருக்கிறார் என்றுதான் தெரியவில்லை. தேடத் தேட தூரமாய்ப் போவதுபோல் இருந்தது.

இங்கே நாம் கவனிக்கவேண்டும். தேவனோடு தனித்திருப்பது வேற, தேவன் பேரைச் சொல்லி மனுஷரைவிட்டு ஒளிந்துகொள்வது வேற. நம்ம ஆண்டவரும் மலையில் தனித்து ஜெபித்தார், ஆனால் விடிந்ததும் ஜனங்களிடம் இறங்கி வந்தார். ஜட்சன் இறங்கி வரவில்லை. உபவாசம் நல்லது. ஆனால் துக்கத்தை மூடி மறைக்கிற உபவாசம் அந்தக் காயத்தை ஆற்றாது.

மூங்கில் ஆசனம்

அந்த நாற்பது நாட்களில் ஒரு சின்னக் காரியம் நடந்தது. வாழ்க்கை வரலாறுகளில் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகிற காரியம். ஆனால் என் உள்ளத்தை உடைத்தது இதுதான். சபையிலிருந்த ஒரு பர்மிய மூப்பர், ஐயா காட்டில் வெறுந்தரையில் உட்கார்ந்திருக்கிறாரே என்று பொறுக்கமாட்டாமல், அவர் போகிற இடத்துக்குப் போய் மூங்கிலை வெட்டி ஒரு ஆசனம் செய்துவைத்தார். வெயில் படாமலிருக்க மேலே மரக்கிளைகளை வளைத்துப் பின்னிப் பந்தல்போல் ஆக்கினார்.

பிரசங்கம் பண்ணவில்லை. ஏன் ஐயா அழுகிறீர், உமக்கு விசுவாசம் இல்லையா என்று கடிந்துகொள்ளவில்லை. காட்டைவிட்டு வா என்று இழுக்கவும் இல்லை. உட்கார ஒரு இடம் செய்து கொடுத்தார், அவ்வளவுதான்! எலியா சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்தபோது கர்த்தர் முதலில் என்ன செய்தார்? அப்பமும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டார். அப்புறம்தான் பேசினார். அதே கர்த்தர் இங்கே மூங்கில் ஆசனத்தைக் கொடுத்தார். யார் கையினால்? எந்த ஜனங்கள் தனக்கு அந்நியர் என்று ஜட்சன் 1813ல் கப்பலிலிருந்து இறங்கினாரோ, அந்த ஜனத்தின் கையினால்! சிறையிருந்த ஊரில் குழந்தைக்குப் பால் கொடுத்ததும் அந்த ஜனம். தலையணையை எடுத்துவைத்ததும் அந்த ஜனம். ஆவியானவர் அவருக்கு அங்கே ஒரு குடும்பத்தை ஆயத்தம்பண்ணி வைத்திருந்தார், துக்கத்தில் அவர் கண்டுகொள்ளவில்லை.

விடுதலை ஒரே நாளில் வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அமெரிக்காவிலிருந்து இன்னொரு மரணச் செய்தி வந்தது. தம்பி எல்நாத்தான் 1829 மே மாதத்தில் மரித்துப்போனான். ஆனால் இந்தச் செய்தி அவரைக் கீழே தள்ளவில்லை, தூக்கி நிறுத்தியது! ஏனென்றால் எல்நாத்தான் கர்த்தரை ஏற்றுக்கொண்டு, சமாதானத்தோடு மரித்திருந்தான். 1812ல் பனியில் செய்த ஜெபம்! 17 வருஷம் தேவன் அதை மறக்கவில்லை. தூரமாய்ப் போய்விட்டார் என்று நினைத்த தேவன், அவ்வளவு காலமும் அங்கே தம்பியோடு கிரியை செய்துகொண்டிருந்திருக்கிறார்.

ஜட்சன் எழுந்தார், ஜனங்களிடம் திரும்பினார். 1831ல் ரங்கூனில் பெரிய பகோடா திருவிழாவுக்குத் தூர இடங்களிலிருந்து வந்த ஜனம் அவர் வீட்டைத் தேடி வந்து, தேவனைக் குறித்து எழுதின காகிதம் கொடுங்கள் என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கு மாத்திரம் கொடுத்ததே ஏறக்குறைய 10,000 கைப்பிரதிகள்! கரேன் மலைஜனங்களின் கிராமங்களுக்கு நடந்து போனார். 1834 ஜனவரி 31ஆம் தேதி முழு வேதாகமத்தையும் பர்மிய பாஷையில் மொழிபெயர்த்து முடித்து, கடைசித் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்காற்படியிட்டார். 1840ல் திருத்திய பதிப்பும் வெளிவந்தது. இன்றைக்கும் அந்தத் தேசத்துச் சபைகளில் வாசிக்கப்படுகிறது ஜட்சனுடைய வேதாகமம்தான்.

ஊருக்குத் திரும்பினார், ஆனால்...

1834ல் அவர் போர்ட்மனின் விதவையான சாராள் அம்மையாரை விவாகம் செய்தார். எட்டுப் பிள்ளைகள் பிறந்தார்கள். சாராளின் உடம்பு மோசமானபடியால் 1845ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். வழியில் செயின்ட் ஹெலினா தீவில் செப்டம்பர் 1ஆம் தேதி அந்த அம்மாவும் மரித்துப்போனாள். 1845 அக்டோபரில் தாயில்லாத மூன்று பிள்ளைகளோடு பாஸ்டனில் இறங்கினார். புறப்பட்டு 33 வருஷம் கழித்து!

எத்தனை ராத்திரி அந்த ஊரை நினைத்து ஏங்கியிருப்பார்! இப்போது வந்துவிட்டார். ஆனால் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. தொண்டை நோயினால் குரல் எழும்பவில்லை, அவர் மெதுவாகச் சொல்லுவதை ஒருவர் பக்கத்தில் நின்று சபைக்குச் சத்தமாய்ச் சொல்லவேண்டியதாயிருந்தது. இங்கிலீஷில் பிரசங்கம்பண்ணும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. ஜனங்கள் சிறைக்கதை கேட்க வந்தார்கள். அவரோ இயேசுவின் அன்பை எளிமையாய்ச் சொன்னார். சிலருக்கு ஏமாற்றம்! சொந்த ஊரிலே அவர் அந்நியரானார். அவர் மனம் பர்மாவை நினைத்து ஏங்க ஆரம்பித்தது.

1846ல் எமிலி அம்மையாரை விவாகம் செய்து, மூன்று பிள்ளைகளையும் படிப்புக்காக அமெரிக்காவில் விட்டுவிட்டு, ஜூலையில் மறுபடியும் கப்பல் ஏறினார். அந்தப் பிள்ளைகளை அவர் பிறகு பார்க்கவில்லை. மோல்மேனில் இங்கிலீஷ்–பர்மிய அகராதியை 1849ல் முடித்தார். வியாதி முற்றி, கடல்காற்று சுகம் தரும் என்று ஒரு பிரெஞ்சுக் கப்பலில் ஏற்றினார்கள். 1850 ஏப்ரல் 12ஆம் தேதி, 61 வயதில், வங்காள விரிகுடாவில் உயிர் பிரிந்தது. கடலிலேயே அடக்கம். கரையில் மரித்திருந்தால் எந்த ஊரில் புதைப்பது? அமெரிக்கா அவருடைய ஊரா, பர்மா அவருடைய ஊரா? மனைவிக்கு அந்தச் செய்தி எட்டவே நாலு மாதம் ஆனது.

நமக்கு என்ன பாடம்?

முதலாவது, வீட்டு ஏக்கம் பாவம் அல்ல, அவிசுவாசமும் அல்ல. பாபிலோன் ஆறுகளின் ஓரத்தில் உட்கார்ந்து சீயோனை நினைத்து அழுத ஜனத்தின் கண்ணீரைக் கர்த்தர் சங்கீத புஸ்தகத்திலேயே சேர்த்துவைத்தார். அழுகிற பிள்ளையை அதட்டாதீர்கள்.

இரண்டாவது, வெளிதேசத்தில் இருக்கிற பிள்ளையே, உனக்கும் ஒரு வார்த்தை. ஏக்கம் வரும்போது அறைக் கதவைப் பூட்டிக்கொள்ளாதே. ஜெபம் பண்ணு, ஆனால் ஜெபித்துவிட்டு வெளியே வா. பக்கத்தில் ஒரு சபை, ஒரு ஜெபக்கூட்டம் தேடிப் போ. அந்த ஊர்ப் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொள். தனிமையானவனுக்குக் கர்த்தர் வீடு வாசல் ஏற்படுத்துகிறார் என்று 68ஆம் சங்கீதம் சொல்லுகிறதே, அந்த வீடு எப்போதும் நம்ம ஜாதி, நம்ம பாஷைக்காரர் வீடாகவே இருக்கும் என்று சொல்லவில்லை! உனக்கு மூங்கில் ஆசனம் செய்கிறவர் வேறே நிறத்தவராக இருக்கலாம்.

மூன்றாவது, ஊரில் இருக்கிற நாம் அந்த மூப்பரைப்போல் இருப்போம். இந்த வாரம் வெளிநாட்டிலிருக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, பணம் எப்போ அனுப்புவே என்று கேட்காமல், சாப்பிட்டியா, யாரோடு பேசினே, ஞாயிறு எங்கே போனே என்று கேளுங்கள். அழுதால் அழவிடுங்கள். போனை வைத்தவுடன் முழங்காலில் நில்லுங்கள். பனியில் செய்த ஜெபத்துக்கு 17 வருஷம் கழித்துப் பதில் கொடுத்தவர் உங்கள் ஜெபத்தையும் மறக்கமாட்டார். நம்ம ஊருக்குப் பிழைக்க வந்து, பாஷை தெரியாமல் கட்டிட வேலையிலும் ஓட்டல் வேலையிலும் நிற்கிற வடதேசத்துப் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கும் ஒரு தாய் எங்கோ காத்திருக்கிறாள்.

ஜெபிப்போம்: அன்பின் ஆண்டவரே, பரலோகத்தை விட்டு அந்நியராக இந்தப் பூமிக்கு வந்தவரே, தூர தேசத்தில் தனித்திருக்கிற எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் நினைத்தருளும். ராத்திரியில் அவர்கள் சிந்தும் கண்ணீரை நீர் அறிவீர். அவர்கள் உட்கார ஒரு இடத்தையும், கையைப் பிடிக்க ஒரு சகோதரனையும் சகோதரியையும் கொடும். எங்களையும் ஒருவருக்கு அப்படிப்பட்டவர்களாக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே. ஆமென்.